புராசஸ் செத்தபின் பூட்டியே கிடக்கும் செமாஃபோர்: செட்வால் போட்டுத் திறக்கலாமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன், தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு பலகாரக் கூடம். அங்கே லினக்ஸ் ஓடும் ஒரு சின்னப் பெட்டி, அதில் சி-யில் எழுதிய மூன்று நிரல்கள். இரண்டு நிரல்கள் ஆளுக்கொரு எடைத் தராசைப் படித்துப் பொட்டலத்துக்கு லேபிள் அடிக்கின்றன. மூன்றாவது, வெளியூர் ஆர்டர்களுக்கு முகவரிச் சீட்டு அடிக்கிறது. பிரிண்டர் ஒன்றே ஒன்று. ஒரு நேரத்தில் ஒருவரே அடிக்கும்படி அதைக் காக்க மதிப்பு 1 உள்ள ஒரு செமாஃபோர் வைத்திருக்கிறீர்கள், அதாவது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பார்த்துக்கொள்ளும் ஒரு எண்ணிக்கைப் பூட்டு. அடிக்கும் முன் ஒன்று குறைப்பது, அடித்து முடித்ததும் ஒன்று கூட்டுவது. ஏதாவது ஒரு நிரல் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் புராசஸ் என்கிறேன்) நடுவில் செத்தால், மறுபடி ஓட்டினாலும் மூன்றும் அப்படியே நின்றுவிடுகின்றன. பெட்டியை அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போதே, செமாஃபோரை நிர்வகிக்கும் செம்சிடிஎல் அழைப்பைக் கூப்பிட்டு, மதிப்பை நேரே எழுதும் செட்வால் கட்டளையைக் கொடுத்து, அதை 1 ஆக்கிவிடச் சொல்கிறார் உங்கள் நண்பர். அது சரியா என்பது கேள்வி. எப்போதாவது 'ஐடென்டிஃபையர் ரிமூவ்டு' என்று ஒரு பிழையும் வருவதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

செட்வால் வேண்டாம். அது உங்கள் நோயை மறைக்கும், போதாததற்கு இன்னொரு நோயையும் கூட்டும். பூட்டைப் பிடித்தவன் செத்தால் அதை யார் திறப்பது என்பதுதான் இங்கே அடிக்கேள்வி. யுனிக்ஸிலும் லினக்ஸிலும் சி எழுதியே பிழைப்பை ஓட்டியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் நிரல் வரிகளை நான் பார்க்கவில்லை. ஆகவே கெர்னல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகவே சொல்வேன், உங்கள் இடத்தில் எது நடந்தது என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

செமாஃபோரை உருவாக்கவோ திறக்கவோ செம்கெட், இயக்க செம்ஆப், நிர்வகிக்க செம்சிடிஎல் என்ற மூன்று அழைப்புகளும் 1983இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸோடு பரவியவை. செமாஃபோர் என்ற கருத்து அதற்கும் இருபது ஆண்டு மூத்தது, நெதர்லாந்துக் கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1960களின் தொடக்கத்தில் கொடுத்தது. அவர் கொடுத்தபடி அதில் இரண்டே செயல்கள்: குறைப்பது, கூட்டுவது. குறைக்க இடமில்லை என்றால் காத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை தவிர, மதிப்பு இவ்வளவு என்று யாரும் நேரடியாக எழுதக் கூடாது. அந்தக் குறைப்பதும் கூட்டுவதும்தான் செம்ஆப். செம்சிடிஎல், டெய்க்ஸ்ட்ராவின் கருத்தில் இல்லாத நிர்வாகச் சேர்க்கை. செமாஃபோரைப் பிறப்பிக்கும்போது மதிப்பு வைக்க, இடையில் எட்டிப் பார்க்க, உரிமைகளை மாற்ற, கடைசியில் அழிக்க அது வேண்டும். அன்றாடப் போக்குவரத்தில் அதைக் கொண்டுவந்தால் கெடுதல்தான். நான் பார்த்த செமாஃபோர்க் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கலப்பில் பிறந்தவை.

சரி, முதலில் எட்டிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். அடுத்த முறை நிற்கும்போது ரீபூட் செய்யாமல், இன்னொரு டெர்மினலில், செமாஃபோர்களைப் பட்டியலிடும் ஐபிசிஎஸ் கட்டளையை மைனஸ் எஸ் சேர்த்துப் போடுங்கள். உங்கள் செமாஃபோர்த் தொகுதியின் எண் கிடைக்கும் (செமாஃபோர்கள் தொகுதியாகவே உருவாகும், உங்களுடையதில் ஒன்றே ஒன்று). அந்த எண்ணை மைனஸ் ஐ-க்குப் பின்னால் கொடுத்து மறுபடி போட்டால், கடைசியில் ஒரு வரி வரும். அதில் 0, 0, 3, 0, 4127 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பூஜ்யம் தொகுதிக்குள் செமாஃபோரின் வரிசை எண். இரண்டாவது பூஜ்யம் அதன் இப்போதைய மதிப்பு, அதாவது யாரோ பிடித்திருக்கிறார். 3 என்பது மதிப்பு ஏறட்டும் என்று காத்திருப்பவர்களின் எண்ணிக்கை. அடுத்த பூஜ்யம், மதிப்பு பூஜ்யம் ஆகட்டும் என்று காத்திருப்பவர்கள். உங்களுக்கு அது தேவைப்படாது. 4127 என்பது இந்தச் செமாஃபோர் மேல் கடைசியாக வெற்றிகரமாக வேலை செய்த புராசஸின் எண். காத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் வெற்றி பெறவில்லை, அதனால் அவர்கள் எண் இங்கே வராது. அப்படியானால் 4127தான் பூட்டைப் பிடித்தவர். இப்போது, ஓடும் புராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் 4127ஐத் தேடுங்கள்.

இந்தத் தேடலில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. 4127 என்று யாரும் இல்லை என்றால், பிடித்தவர் செத்துவிட்டார், உங்கள் ஊகம் சரி. ஆனால் 4127 உயிரோடு இருக்கலாம். லேபிள் சுருள் தீர்ந்து, பிரிண்டர் பதில் சொல்லாமல், அந்த நிரல் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே பூட்டைப் பிடித்தபடி உறைந்து நின்றிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டாவது நிலையில் செமாஃபோரைத் தொடுவதே தப்பு. பிரிண்டருக்கு எழுதும் இடத்தில் கால வரம்பு வையுங்கள். செமாஃபோருக்காகக் காத்திருக்கும் இடத்திலும் செம்ஆப்புக்குப் பதில் செம்டைம்டுஆப் போட்டால், இத்தனை நொடிக்கு மேல் காக்க மாட்டேன் என்று சொல்லலாம். நேரம் தீர்ந்தால் ஈஅகெய்ன் என்ற பிழையோடு திரும்பும். அப்போது ஒரு எச்சரிக்கை விளக்கை எரிய விட்டால், கூடத்தில் இருப்பவர் சுருளைப் பார்ப்பார்.

நிரலுக்குள்ளிருந்தே பார்க்க வேண்டுமானால் செம்சிடிஎல்லில் கெட்வால், கெட்என்சிஎன்டி, கெட்பிட் என்று இதே விவரங்களுக்குத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. பதிவேட்டில் எழுதிவைக்க நல்லவை. ஆனால் கெட்வால் 1 என்று சொன்னால் உள்ளே போகலாம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அந்த விடை உங்கள் கைக்கு வரும் நேரத்துக்குள் இன்னொருவர் குறைத்திருக்கலாம். காத்திருக்காமல் முயன்று பார்க்க, செம்ஆப்பிலேயே ஐபிசி_நோவெயிட் என்ற கொடி (ஃபிளாக்) இருக்கிறது.

இப்போது நண்பர் சொன்ன செட்வால். நம் ஊரில் ஏழெட்டுப் புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பொதுவான பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டின் உள்முற்றமான வளவில் ஒரு அறைக்கு ஒரே சாவி, வேண்டியவர் எடுத்துப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். சாவியோடு ஒருவர் மலேசியா போய்விட்டால் மற்றவர்கள் திண்டாட்டம்தான். செட்வால் 1 என்பது, எடுத்தவர் எங்கே என்று விசாரிக்காமலே புதுச் சாவி ஒன்று செய்து ஆணியில் மாட்டுவது. அவர் உண்மையிலேயே கிளம்பிப் போயிருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளே உட்கார்ந்து பெட்டகத்தைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தால்?

உங்கள் கூடத்தில் இது எப்படி வரும் என்று பாருங்கள். முதல் தராசின் நிரல் லேபிள் அடித்துக்கொண்டிருக்கிறது, மதிப்பு 0. அந்த நேரத்தில் இரண்டாவது தராசின் நிரலை யாரோ மறுபடி ஓட்டுகிறார்கள். அது பிறந்ததும் செட்வால் போட்டு மதிப்பை 1 ஆக்கி, உடனே குறைத்துக்கொண்டு உள்ளே போகிறது. இரண்டு நிரல்களின் எழுத்தும் ஒரே பிரிண்டருக்குக் கலந்து போகிறது. கால் கிலோ சீப்புச் சீடைப் பொட்டலத்தில் அரைக் கிலோ தேன்குழலின் விலை ஏறும். இதோடு போனாலும் பரவாயில்லை. முதல் நிரல் முடித்து ஒன்று கூட்டும், இரண்டாவதும் முடித்து ஒன்று கூட்டும், மதிப்பு 2 ஆகிவிடும். செமாஃபோருக்கு 1தான் உச்சம் என்று எதுவும் தெரியாது. லினக்ஸில் 32767 வரை அது தாங்கும். அன்றிலிருந்து எப்போதும் இருவர் சேர்ந்து உள்ளே போகலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. தீபாவளிக் கூட்டத்தில் இப்படி ஒன்று நடந்தால், காரணம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் பொட்டலம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

செட்வாலுக்கு இன்னொரு விளைவும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கீழே சொல்லப்போகும் செம்_அண்டூ கணக்கை, அந்தச் செமாஃபோரைப் பொறுத்தவரை எல்லாப் புராசஸ்களிலும் அது துடைத்துவிடும். தொகுதியின் எல்லா மதிப்புகளையும் ஒரேயடியாக எழுதும் செட்ஆலும் அப்படித்தான். அப்புறம் உண்மையிலேயே ஒருவர் செத்தால் கெர்னல் எதையும் திருப்பி வைக்காது.

உங்களுக்கு வேண்டியது அந்தச் செம்_அண்டூதான். செம்ஆப்புக்குக் கொடுக்கும் கட்டமைப்பில் மூன்றாவது புலத்தில், குறைக்கும்போதும் கூட்டும்போதும் இரண்டிலும் இந்தக் கொடியை வையுங்கள். ஒவ்வொரு புராசஸும் இந்தச் செமாஃபோரில் நிகரமாக எவ்வளவு எடுத்திருக்கிறது என்று கெர்னல் தனிக் கணக்கு எழுதிக்கொள்ளும். புராசஸ் எப்படி முடிந்தாலும், ஒழுங்காக வெளியேறினாலும், நினைவகத்தைத் தவறாகத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்தாலும், கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 வாங்கினாலும், அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுவிடும். மின்சாரம் போனால் இந்தக் கேள்வியே எழாது. செமாஃபோர் கெர்னல் நினைவகத்தில் இருப்பது, பெட்டியோடு சேர்ந்து போய்விடும். ரீபூட் செய்தால் சரியாகிறது என்று நீங்கள் பார்த்ததும் இதனால்தான்.

செம்_அண்டூவை எல்லா இடத்திலும் தெளித்துவிடவும் கூடாது. எடுத்தவரே திருப்பி வைக்கும் பூட்டுக்கு அது பொருந்தும். ஒருவர் கூட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் குறைத்துக்கொண்டே இருக்கும் வரிசைக் கணக்குக்குப் பொருந்தாது. அங்கே ஒரு பக்கக் கணக்கு ஏறிக்கொண்டே போய், 32767ஐத் தாண்டும்போது செம்ஆப் ஈரேஞ்ச் பிழையோடு திரும்பும். நாள் கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, யாரும் எதையும் மாற்றாத ஒரு மதியத்தில் நிற்கும் வகைக் கோளாறு இது. ஒரு புராசஸ் ஃபோர்க் செய்து இன்னொன்றைப் பிறப்பிக்கும்போது, அந்தப் பிள்ளைப் புராசஸுக்கு இந்தக் கணக்கு போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். தாய் எடுத்ததைப் பிள்ளை திருப்பி வைப்பதாக எழுதினால் கணக்கு இரண்டு பக்கமும் கோணலாகும்.

செம்_அண்டூ செய்யாத ஒன்றும் உண்டு. பூட்டைத் திறக்குமே தவிர, பாதியில் விட்ட வேலையைச் சரிசெய்யாது. பாதி லேபிள் பிரிண்டருக்குப் போய்விட்ட நிலையில் நிரல் செத்தால், அடுத்து வருபவர் அந்தப் பாதியின் தொடர்ச்சியாகத்தான் எழுதுவார். முன்னவர் செத்ததால் உனக்குக் கிடைத்தது என்று செமாஃபோர் அவரிடம் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு லேபிளையும் பிரிண்டரைச் சுத்தமான நிலைக்குக் கொண்டுவரும் கட்டளையோடு தொடங்குங்கள். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் பெரிய அட்டவணை எதையாவது காக்கிறவர்கள், ரோபஸ்ட் வகை பிதிரெட் மியூடெக்ஸ் என்ற வேறொரு பூட்டைப் பார்க்கலாம். பிடித்தவர் செத்தால் அடுத்தவருக்கு ஈஓனர்டெட் என்று சொல்லியே கொடுக்கும், அவர் அட்டவணையைச் சரிபார்த்த பிறகு தொடரலாம்.

பிறப்பிக்கும் இடத்துக்கு வருவோம். சிஸ்டம் ஃபைவ் செமாஃபோரில் உள்ள பெரிய வடிவமைப்புக் குறை, உருவாக்குவதும் மதிப்பு வைப்பதும் தனித்தனிச் செயல்கள் என்பது. செம்கெட் உருவாக்கும், செம்சிடிஎல் மதிப்பு வைக்கும், நடுவில் ஒரு இடுக்கு. அந்த இடுக்கில் இன்னொரு நிரல் நுழைந்தால், மதிப்பு வைக்காத செமாஃபோரை அது பயன்படுத்தத் தொடங்கிவிடும். செம்கெட்டுக்கு, உருவாக்கு என்ற ஐபிசி_கிரியேட்டும், ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடு என்ற ஐபிசி_எக்ஸ்கிளும் சேர்த்துக் கொடுத்தால் ஒருவர் மட்டுமே உருவாக்குவார். மற்றவர்கள் செம்சிடிஎல்லில் விவரம் கேட்கும் ஐபிசி_ஸ்டாட் கொடுத்து, செம்_ஓடைம் என்ற புலம் பூஜ்யத்திலிருந்து மாறும் வரை காக்க வேண்டும். அது கடைசிச் செம்ஆப்பின் நேரம். செம்சிடிஎல் போட்டால் மாறாது. அதனால் உருவாக்கியவர் செட்வால் 0 வைத்து, பிறகு செம்ஆப்பில் ஒன்று கூட்டினால், மதிப்பும் 1 ஆகும், நேரமும் பதிவாகும். அந்த ஒரு கூட்டலுக்கு மட்டும் செம்_அண்டூ போட்டுவிடாதீர்கள். போட்டால், உருவாக்கியவர் வெளியேறும்போது அந்த ஒன்றும் அவரோடு போய்விடும்.

இவ்வளவு சாமர்த்தியம் உங்களுக்குத் தேவையா என்றால், தேவையில்லை. மூன்று நிரல்களையும் தொடங்கும் ஒரு சின்ன நிரல் எழுதி, உருவாக்கி மதிப்பு வைக்கும் வேலையை அதற்கு மட்டும் கொடுங்கள். மற்ற மூன்றும் ஏற்கெனவே இருப்பதைத் திறக்க மட்டும் செய்யட்டும். செம்சிடிஎல்லின் நான்காவது அளவுருவான யூனியன் செம்யுன் என்பதை உங்கள் நிரலிலேயே வரையறுக்க வேண்டும், எந்தத் தலைப்புக் கோப்பும் தராது. நேரே 1 என்று எழுதினாலும் பெரும்பாலும் தப்பிவிடும் என்பது வேறு விஷயம், பழக்கமாக்க வேண்டாம். எல்லா நிரல்களும் ஒரே செமாஃபோரைக் கண்டுபிடிக்க உதவும் சாவியெண்ணுக்கு, அதை ஒரு கோப்பிலிருந்து செய்துதரும் எஃப்டோக்கைப் பயன்படுத்தினால், அதற்குக் கொடுக்கும் கோப்பை யாரும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பின் உள் அடையாளமான ஐநோடு எண் மாறக்கூடும், அதோடு சாவியும் மாறும். பிறகு ஒரு நிரல் பழைய செமாஃபோரையும் இன்னொன்று புதியதையும் பிடித்துக்கொண்டு, இருவரும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள்.

'ஐடென்டிஃபையர் ரிமூவ்டு' என்பது ஈஐடிஆர்எம் பிழை. நீங்கள் காத்துக்கொண்டிருந்தபோது யாரோ தொகுதியையே அழித்துவிட்டார்கள் என்று பொருள். பகிர்ந்த நினைவகத்தை அழித்தால், கடைசி ஆள் விடும் வரை அது உயிரோடு இருக்கும். செமாஃபோர் அப்படி இல்லை, அழிக்கும் கட்டளையான ஐபிசி_ஆர்எம்ஐடி போட்ட கணமே போய்விடும், காத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பிழையோடு எழுவார்கள். அழித்தது யார்? எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, உங்கள் நிரல்களில் ஏதோ ஒன்று தான் வெளியேறும்போது மற்றவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் அழிக்கிறது. இரண்டு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி. பயனர் நுழைவைக் கவனிக்கும் அதன் லாகின்டி அமைப்பில் ரிமூவ்ஐபிசி என்று ஒன்று உண்டு. அது செயலில் இருந்தால், ஒரு பயனர் முழுவதுமாக லாக்அவுட் ஆனதும் அவருடைய செமாஃபோர்களைத் துடைத்துவிடும். மூல சிஸ்டம்டியில் இது செயலில்தான் இருக்கும், சில லினக்ஸ் விநியோகங்கள் அணைத்துவைக்கின்றன. நீங்கள் வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் பிழை வருகிறதா என்று கவனியுங்கள். ஆமென்றால் பெரும்பாலும் இதுதான். சிஸ்டம் பயனர்களை அது தொடாது. ஆகவே நிரல்களைச் சர்வீஸாக, சிஸ்டம் பயனர் பெயரில் ஓட்டினால் தீர்ந்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் ஆவணத்திலேயே இதைப் பற்றி எச்சரிக்கை எழுதும் அளவுக்குப் பலரைக் கடித்த விஷயம் இது.

எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியே ஆக வேண்டும் என்ற நாள் வந்தால், செட்வாலைவிட ஐபிசி_ஆர்எம்ஐடி நல்லது என்பது என் கட்சி. பழைய எண்ணைப் பிடித்திருப்பவர்களுக்குப் பிழை வரும், அவர்கள் விஷயம் தெரிந்து வெளியேறலாம். செட்வால் யாருக்கும் சொல்லாமல் மாற்றுகிறது. டெர்மினலிலிருந்து அழிக்க ஐபிசிஆர்எம் மைனஸ் எஸ், பிறகு தொகுதி எண். ஆனால் அழிக்காமல் உருவாக்கிக்கொண்டே போகும் நிரல்களும் உண்டு. தொகுதிகளின் வரம்பு நிறைந்ததும் செம்கெட் ஈநோஸ்பேஸ் என்று திரும்பும், திரையில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரும். வட்டில் இடமில்லை என்று நினைத்து எல்லோரும் பழைய கோப்புகளை அழிக்கத் தொடங்குவார்கள், வட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லினக்ஸ் 3.19 முதல் இயல்பு வரம்பு 32000 தொகுதிகள். அதற்கு முன் 128தான், அப்போது இது அடிக்கடி நடக்கும்.

பாசிக்ஸ் தரத்தில் உள்ள இன்னொரு வகைச் செமாஃபோருக்கு மாறச் சொல்லி இங்கே யாராவது எழுதுவார்கள். எழுத எளிது, செம்_ஓபன் உருவாக்கும்போதே மதிப்பையும் வைத்துவிடுவதால் அந்த இடுக்கும் இல்லை. ஆனால் அதில் அண்டூ கிடையாது. பிடித்தவர் செத்தால் நீங்கள் இன்று இருக்கும் இடத்திலேயேதான் இருப்பீர்கள். உங்கள் குறைக்கு அது மருந்து இல்லை.

நானாக இருந்தால் இந்த இடத்தில் செமாஃபோரே வைக்க மாட்டேன். ஒரே பெட்டி, ஒரே பிரிண்டர், ஒரு நேரத்தில் ஒருவர். இதற்கு ஒரு கோப்பைத் திறந்து எஃப்லாக் என்ற கோப்புப் பூட்டைப் போட்டால் போதும். மதிப்பு வைக்கும் வேலை இல்லை, அழிக்கும் வேலை இல்லை, பிடித்தவர் செத்தால் கெர்னல் விடுவித்துவிடும். கோப்பை ஓ_கிளோஎக்ஸெக் கொடியோடு திறக்க மட்டும் மறக்காதீர்கள். உங்கள் நிரல் இடையில், அச்சிடும் எல்பி போன்ற வேறு கட்டளையை ஓட்டினால், திறந்த கோப்பு அதற்கும் போய், நீங்கள் செத்த பிறகும் அது பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று பொருள்களை ஒரே மூச்சில், கிடைத்தால் எல்லாம், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம் என்று எடுக்க வேண்டிய நாள் வந்தால் சிஸ்டம் ஃபைவுக்குத் திரும்புங்கள். ஒரே செம்ஆப்பில் பல செமாஃபோர்களைச் சேர்த்துக் கேட்கும் வசதி எஃப்லாக்கில் இல்லை.

மாற்றும் வரை, அடுத்த முறை நிற்கும்போது அந்த ஐபிசிஎஸ் வரியையும், அதில் வரும் புராசஸ் எண்ணுக்குப் பிஎஸ் என்ன சொல்கிறது என்பதையும் இங்கே போடுங்கள். பிடித்தவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது தெரிந்தால், மேலே சொன்னதில் எந்தப் பாதி உங்களுக்கு என்று முடிவு செய்யலாம்.